ஈறில் கசிந்த ரத்தம்

அத்தியாயம் 14

"வாயை நல்லாத் திறம்மா."

சண்முகசுந்தரி திறந்தாள். பல் டாக்டர் முகம்மது மீரான், கோடு போட்ட மெல்லிய கம்பியைக் கடைவாய்ப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கினார்.

சித்திரை மாதம் இதே நாற்காலியில் இதே கம்பி பட்டபோது வாய் நிறைய ரத்தம் வந்தது. எட்டு மில்லிமீட்டர், ஏழு, மறுபடியும் எட்டு என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பல்லை விட்டு ஈறு அத்தனை ஆழத்துக்குக் கழன்று, பை மாதிரி சீழ் கட்டி நின்றது. இன்று மூன்று என்றார், நான்கு என்றார். ஓர் இடத்தில் மட்டும் ஐந்து.

"துப்பு."

பீங்கான் தொட்டியில் எச்சில் வெள்ளையாக விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த எச்சில் சிவப்பாக விழுந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மாசி மாதம் ஒரு விடிகாலையில் தலையணையில் ரத்தக்கறை. சாயந்தரமானால் மேலுக்குக் கணகணவென்று காய்ச்சல். எதையும் கடித்துத் தின்ன முடியாமல் உடம்பு கரைந்து, ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போயிற்று. ரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். அறுபத்துநாலு என்று வந்தது. இருபதைத் தாண்டக் கூடாதாம்.

எச்சிலில் ரத்தம், காய்ச்சல், மெலிவு, ஏறிப்போன ஈ.எஸ்.ஆர். இதற்கு மேல் ஊருக்கு என்ன வேண்டும்? காசநோய் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது.

அவளுக்கென்று தனித் தட்டு வந்தது, தனி டம்ளர் வந்தது. குற்றாலம் போலீஸ் ஸ்டேஷனில் வேலை என்று சொல்லி அவள் புருஷன், ஏட்டு நம்பிராஜன், ஜாகையை அங்கேயே மாற்றிக்கொண்டான். ஐந்து வயது மகள் வள்ளித்தாயை அவன் அக்கா குருவம்மாள் வாசுதேவநல்லூருக்குக் கூட்டிப் போய்விட்டாள். நாலு மாதமாகத் தென்காசி வீட்டில் சுந்தரி ஒற்றைக்கட்டை. பிள்ளையைப் பார்க்கப் போனாலும் தெருமுனையிலேயே நிறுத்தி, "கிட்ட வராதே, பிள்ளைக்கு ஒட்டிக்கிடும்" என்று திருப்பி அனுப்பினார்கள்.

"ரிசல்ட் வந்துட்டு," என்றார் மீரான். மேசை மேல் இரண்டு தாள்கள் இருந்தன.

சுந்தரி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். உட்கார்ந்தபடி கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"ஈ.எஸ்.ஆர். இருபத்திரண்டு."

"குறைஞ்சிருக்கா, டாக்டர்?"

"குறைஞ்சிருக்காவா! அறுபத்துநாலு எங்கன, இருபத்திரண்டு எங்கன? மதுரைக்கு அனுப்பினோமே இன்னொரு ரத்தம், சி.ஆர்.பி.ன்னு, போன தடவை இருக்குன்னு வந்துச்சு. இப்ப இல்லைன்னு வந்துருக்கு."

அவளுக்குப் புரியவில்லை என்பதை அவர் பார்த்தார். மேசை டிராயரிலிருந்து பென்சில் ஒன்றை எடுத்து நெட்டுக்குத்தலாகப் பிடித்தார்.

"ஈ.எஸ்.ஆர்.னா, இந்த மாதிரி ஒரு கண்ணாடிக் குழாயில ரத்தத்தை நிப்பாட்டி வைப்பாங்க. ஒரு மணி நேரத்துல சிவப்பு எம்புட்டுத் தூரம் கீழ இறங்குதுன்னு பாப்பாங்க. உடம்புல எங்கயாச்சும் சீழோ வீக்கமோ இருந்தா வேகமா இறங்கும். எங்கன இருக்குன்னு அது சொல்லாது. எல்லாரும் உன் நெஞ்சுல இருக்குன்னு நினைச்சாங்க. அது உன் வாயில இருந்துச்சு."

"வெறும் பல்லு, ஈறு. அதுக்கா இம்புட்டு?"

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சும்மா. பொய் சொல்ல மாட்டேன். உனக்கு மூணு எடத்துல கட்டி. இருபது பல்லைச் சுத்திச் சீழு. சாப்பிடாம ரத்தமும் குறைஞ்சு போச்சு, அதுக்கும் இது ஏறும். எல்லாம் சேந்துதான் அறுபத்துநாலு. இப்ப ஈறு ஆறுச்சு, நம்பரும் இறங்கிட்டு."

திருநெல்வேலியில் ஒருவர் எல்லாப் பல்லையும் பிடுங்கச் சொன்னார். இன்னொருவர் ஈறை அறுத்துத் திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். மீரான்தான் அறுக்க வேண்டாம், முதலில் சுரண்டிப் பார்ப்போம் என்றவர். வாயை நாலு பங்காகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பங்கு. மரத்துப் போக ஊசி போட்டு, வளைந்த கருவியை ஈறுக்கு அடியில் விட்டுப் பல் வேரில் கல்லாக இறுகிக் கிடந்த காரையைச் சுரண்டி எடுத்தார். காதுக்குள் தகரத்தைக் கீறுவது போலச் சத்தம் கேட்கும். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து கஞ்சித் தண்ணியைக் குடித்துவிட்டுச் சுருண்டு கிடந்தாள். மூன்று வாரம் மாத்திரை. பல் தேய்க்கும் செங்கப்பொடியைத் தூரப் போட்டுவிட்டு, பிரஷ்ஷை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று முப்பது வயதில் பாடம் படித்தாள். காப்பாற்ற முடியாமல் இரண்டு பல் போயிற்று. மற்றவை நின்றுவிட்டன.

"டாக்டர், எனக்குக் காசநோய் இல்லைன்னு ஒரு தாள்ல எழுதித் தாங்க. பிள்ளையைக் கூப்பிடப் போகணும்."

மீரான் தயங்கினார். "அது நான் எழுதக் கூடாதும்மா. நான் பல்லுக்குத்தான் பொறுப்பு. சளிப் பரிசோதனை மூணு தடவையும் இல்லைன்னு வந்துச்சுன்னு சொன்னே. நெஞ்சுப் படம் எடுத்தீங்கள்லா? அதை ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர்கிட்டக் காட்டு, எழுதித் தருவாரு."

"படம் அவுககிட்ட இருக்கு. அதுல பழுது இருக்குன்னு சொன்னாகளே."

"யாரு, டாக்டரா?"

"எங்க வீட்டுக்காரவுக."

மீரான் மேசை மேலிருந்த தாள்களை மடித்து அவள் கையில் கொடுத்தார். "படம் எடுத்த எடத்துல நகல் வச்சிருப்பாங்க. போய்க் கேளு," என்று மட்டும் சொன்னார்.

* * *

எக்ஸ்ரே எடுக்கும் இடம் நாலு தெரு தள்ளி. சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடையை எடுக்காமல் வந்துவிட்டாள். ரத்தப் பரிசோதனைத் தாள்களை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு நடந்தாள்.

உள்ளே சீட்டு எழுதும் தங்கபுஷ்பம் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். "ஏட்டையா வீட்டு அக்காதானே? என்னக்கா, நாலு மாசத்துக்கு முன்ன பாத்த ஆளே இல்லையே நீங்க. முகம் தெளிஞ்சிருக்கு."

"மாசியில எடுத்த படத்தோட ரிப்போர்ட் நகல் வேணும் தாயி."

தங்கபுஷ்பம் கட்டுக்களைப் புரட்டினாள். கார்பன் தாளில் ஊதா எழுத்தில் ஒரு நகல் கிடைத்தது. "இந்தாருக்கு. ஆறு மூணு எண்பத்தொண்ணு. சண்முகசுந்தரி, வயசு முப்பது."

"என்ன போட்டுருக்கு?"

"ஒண்ணுமில்லைக்கா. நார்மல்."

"அப்படின்னா?"

"அப்படின்னா நுரையீரல் சுத்தமா இருக்குன்னு அர்த்தம். ஒரு புள்ளி பழுது கிடையாது." தங்கபுஷ்பம் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள், சுந்தரியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "ஏன்க்கா, அன்னைக்கே ஏட்டையாகிட்டச் சொல்லித்தானே குடுத்தோம். நான்தான் வாசிச்சுக் காட்டினேன். 'நல்லாத் தெரியுமா?'ன்னு ரெண்டு தடவை கேட்டாக. இங்கன பாருங்க, அவுக கையெழுத்து."

ரிப்போர்ட் வாங்கியவர்கள் பதிவேட்டில் அந்தக் கையெழுத்து இருந்தது. நம்பிராஜன் என்று தொடங்கி கடைசி எழுத்தைக் கீழே இழுத்து ஒரு சுழி. கல்யாணப் பத்திரத்தில் அவள் பக்கத்தில் நின்று அவன் போட்ட அதே சுழி.

சுந்தரி பெஞ்சில் உட்கார்ந்தாள். தங்கபுஷ்பம் தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லாரும் குடிக்கும் சில்வர் டம்ளர். அதை வாங்கக் கை நீட்டியவள், பழக்கதோஷத்தில் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுகை வந்தது.

* * *

குற்றாலத்து ஐந்தருவியில் ஐந்து கிளையும் நிரம்பிக் கொட்டியது. எண்ணெய் தேய்த்த உடம்புகளும் ஈரத் துண்டுகளுமாகக் கூட்டம். பெண்கள் பக்கத்து வரிசையைப் பார்த்துக்கொண்டு, தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டி, விசிலும் கையுமாக நின்றான் நம்பிராஜன். அவளைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

"இங்கன எதுக்கு வந்த? ஈரத்துல நிக்கலாமா நீ?"

"நின்னா என்ன செய்யும்?"

அவள் குரல் அவனுக்குப் புதிதாக இருந்தது. பக்கத்தில் நின்ற காவலரிடம் வரிசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மிளகாய் பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் அவளைக் கூட்டிப் போனான்.

சுந்தரி ரவிக்கைக்குள்ளிருந்து தாள்களை எடுத்தாள். முதலில் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொடுத்தாள். அவன் வாசித்தான்.

"இருபத்திரண்டா? நல்லாயிட்டா அப்ப!" உண்மையிலேயே அவன் கண் மலர்ந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்கு இன்னும் வயிறெரிந்தது.

இரண்டாவதாக ஊதா நகலைக் கொடுத்தாள்.

அவன் அதை வாசிக்கவில்லை. பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. மடித்து அவளிடமே நீட்டினான்.

"நாலு மாசம்," என்றாள் சுந்தரி. "நாலு மாசமாத் தனித் தட்டுல தின்னேன். கிணத்தடிக்குப் போனா பொம்பளைக விலகி நின்னாளுக. என் கையால ஒரு வாய் சோறு என் பிள்ளைக்கு ஊட்டலை. ஒண்ணுமில்லைன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"சத்தம் போடாத."

"நான் சத்தம் போடலை. ஏன்னு கேக்கேன்."

அவன் அருவிப் பக்கம் பார்த்தான். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"படம் எடுத்த அன்னைக்கு அக்கா வந்திருந்தா. பிள்ளையை அன்னைக்குத்தான் கூட்டிட்டுப் போனா. மறுநாள் ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு, திருப்பிக் கூப்பிடணும்னுதான் வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினேன். அங்க போனா, பிள்ளைக்குத் தலை வாரிக்கிட்டு இருக்கா. பதினெட்டு வருஷமா அந்த வீட்டுல ஒரு பிள்ளைச் சத்தம் கிடையாது சுந்தரி. அவ மூஞ்சியைப் பாத்தேன். எங்க அம்மா செத்தப்ப எனக்கு வயசு ஆறு. அவதான் எனக்குச் சோறு போட்டா. தன் கல்யாணத்தையே நாலு வருஷம் தள்ளிப் போட்டா. ஒரு வாரம் இருக்கட்டும்னு நினைச்சேன்."

"ஒரு வாரம்."

"அப்புறம் சொல்ல வாய் வரலை. நாளாக நாளாகக் கஷ்டமாப் போச்சு. ஒனக்கும் ரத்தம் நிக்கலை, காய்ச்சல் நிக்கலை. ஒருவேளை படம்தான் தப்போன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது. அவ ஒனக்குச் சீக்குன்னுதான் நினைக்கா."

சுந்தரி நகலை மறுபடியும் ரவிக்கைக்குள் செருகினாள். "நான் பிள்ளையைக் கூப்பிடப் போறேன்."

"இன்னைக்கு வேண்டாம்." அவன் குறுக்கே வந்து நின்றான். "சொல்லுதேன் கேளு. இந்த மாசம் பள்ளிக்கூடம் திறந்தப்ப அக்கா பிள்ளையை ஒண்ணாப்புல சேத்துட்டா. தகப்பன் பேரு கேட்ட எடத்துல மச்சான் பேரைப் போட்டுருக்கா."

"செல்லச்சாமி அண்ணாச்சி பேரையா?"

"ம்."

"தாய் பேரு?"

அவன் விசில் கயிற்றை விரலில் சுற்றினான்.

"நீங்க கையெழுத்துப் போட்டீகளா?"

அருவிப் பக்கம் யாரோ வழுக்கி விழுந்து பெண்கள் கத்தினார்கள். நம்பிராஜன் திரும்பிப் பார்த்தான். போகவா நிற்கவா என்று ஒரு நொடி தவித்தான். விசிலை வாயில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினான்.

அவன் திரும்பி வந்தபோது அவள் அங்கே இல்லை.

* * *

தென்காசியில் பஸ் மாறினாள். கடையநல்லூர் தாண்டியதும் சாரல் அறுந்துபோய்ச் சுள்ளென்று வெயில் அடித்தது. புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே நின்று, பஸ் அரை மணி நேரம் நகரவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தன் கைக்குழந்தையைச் சுந்தரியின் மடியில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியே வெள்ளரிப் பிஞ்சு வாங்கினாள். சுந்தரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, குழந்தையைப் பிடித்திருந்தாள். ஒன்றுமில்லை, உனக்கு ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே எத்தனை தடவை சொல்லியும் முகம் திரும்பவில்லை.

வாசுதேவநல்லூரில் இறங்கியபோது பள்ளிக்கூடம் விட்டு நேரமாகியிருந்தது. இந்தத் தடவை தெருமுனையில் அவள் நிற்கவில்லை. நேரே வாசல்வரை போனாள்.

குருவம்மாள் நடையில் உட்கார்ந்து வள்ளித்தாய்க்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளை தேறியிருந்தது. புதுப் பாவாடை, கண்ணில் மை, நெற்றியில் திருநீறு. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அதுதான் சுந்தரிக்குத் தாங்கவில்லை.

"ஏளா, அங்கனயே நில்லு!" குருவம்மாள் பதறிப் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்தாள். "எத்தனை தடவை சொல்லுதேன்? பச்சைப் பிள்ளைக்கு ஒட்டிக்கிடும்."

"ஒட்டாது மயினி. எனக்குக் காசநோய் கிடையாது."

"யாரு சொன்னா?"

"படம் சொல்லுது. மாசியிலயே சொல்லிட்டு." சுந்தரி தாளை நீட்டினாள். "ஈறுல இருந்த சீழு. அது ஆறிட்டு. ரத்தம் நின்னு ஒன்றரை மாசம் ஆச்சு."

குருவம்மாள் தாளை வாங்கவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது. தெரிந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டாள். "எழுத்தைக் கொண்டுவந்து எங்கிட்ட நீட்டாத. ஒத்தை ரத்தக்கறையா பாத்தேன்? தலையணை உறையைத் துவைச்சதே நான்தான். எந்தம்பி எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டான்."

"சொன்னாக மயினி."

"என்னது?"

"ஒங்க தம்பி பொய் சொன்னாக. இந்த ரிப்போர்ட்டை வாங்கினது அவுகதான். வாங்கின மறுநாளே இதைக் கையில வச்சுக்கிட்டு இந்த வாசலுக்கு வந்தாக. நீங்க பிள்ளைக்குத் தலை வாரினதைப் பாத்துட்டு வாயைத் திறக்காமத் திரும்பிட்டாக."

குருவம்மாளின் விரல்கள் பின்னலிலேயே நின்றுவிட்டன. அந்த நாள் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்த தம்பி ஒரு வாய் மோர்கூடக் குடிக்காமல், வாசற்படியில் நின்றபடியே பேசிவிட்டுப் போன நாள். அவள் முகம் வெளிறியது. ஆனாலும் பிள்ளையின் சடையை அவள் விடவில்லை.

சுந்தரி படியில் குந்தி உட்கார்ந்தாள். கை நீட்டினால் எட்டும் தூரம்தான். அவள் நீட்டவில்லை.

"வள்ளி."

வள்ளித்தாய் பாவாடை நுனியைத் தூக்கி மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். பயத்தில் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் கைகட்டி வாய்பொத்தச் சொல்லிக் கொடுத்ததைச் செய்வது போல ஒழுங்காகச் செய்தாள்.

"யாரு தாயி இப்படிப் பொத்தச் சொன்னா?"

"நீ வந்தா பொத்திக்கிடணும். ஒன் வாயில ரத்தம் இருக்கு."

"இப்ப இல்லைடா. இந்தா பாரு."

சுந்தரி வெளிச்சத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். டாக்டரிடம் திறந்ததைவிட அகலமாகத் திறந்தாள். பிள்ளை துணியை எடுக்காமலே கழுத்தை நீட்டிப் பார்த்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"ரெண்டு பல்லைக் காணோம்."

"ஆமா. அது போச்சு. மத்ததெல்லாம் கெட்டியா இருக்கு."

"வலிச்சிச்சா?"

"வலிச்சிச்சு."

பாவாடை நுனி கொஞ்சம் கீழே இறங்கியது. மூக்கு தெரிந்தது, மேலுதடு தெரிந்தது. சுந்தரி இரண்டு கைகளையும் முழங்காலுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

வள்ளித்தாய் ஒரு காலைக் கீழ்ப்படியில் எடுத்து வைத்தாள். ஞாபகம் வந்தவளாக நின்றாள். திரும்பி, குருவம்மாளை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, நான் இவங்ககிட்டப் போகட்டுமா?"

தெருவில் போன சைக்கிள் மணிச் சத்தம் தேய்ந்து அடங்கியது. குருவம்மாள் சுந்தரியைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பாதி பின்னிய சடை இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தது.